பழுது நாடும் கலை

நுழையும்முன்

பழுதுபட்ட பொருளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது எளிது. பழுது எங்கே உள்ளது, எதனால் நேர்ந்தது என்று கண்டறிவதற்கோ பொறுமையும் சிந்தனையும் வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார் ஒன்றின் மின்கோளாறும் அத்தகைய சிந்தனைக்கு உரிய களமே. இயற்பியல் வகுப்பில் கற்ற மின்சுற்று வாழ்க்கையில் எவ்வாறு துணைசெய்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புதியனவும் பழையனவும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–திருப்பெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். அங்கு நின்று பார்த்தால், புத்தம்புதிய கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்து செல்லும் நீண்ட லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடப்பதைக் காணலாம். இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-ஆம் ஆண்டு சான்ட்ரோ கார் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-ஆம் ஆண்டும், பாரத்பென்ஸ் லாரிகளை உருவாக்கும் டெய்ம்லர் ஆலை 2012-ஆம் ஆண்டும் திறக்கப்பட்டன. இவற்றிற்கெல்லாம் முன்பே, வண்டலூர்ப் பகுதியில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் 1960-களில் தமிழகச் சாலைகளில் ஓடின. கார்களுக்குத் தேவையான தொடக்கி மோட்டார், டைனமோ முதலிய மின்கருவிகளை உருவாக்க, சென்னைப் பாடியில் லூகாஸ்–டி.வி.எஸ். நிறுவனம் 1961-ஆம் ஆண்டு தோன்றியது.

ஆலைகளிலிருந்து நாள்தோறும் புதிய கார்கள் புறப்படும் இதே வட்டாரத்தின் தெருக்களில், இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். சேமிப்பில் வாங்கிய ஒரே காரை இவ்வாறு பேணிவரும் குடும்பங்களுக்கு அது வெறும் பொருளன்று. நள்ளிரவில் மருத்துவமனைக்கு விரைய உதவும் துணை. அந்த வேளையில் சாவியைத் திருப்பியும் கார் உயிர்பெறாவிடில் என்ன செய்வது?

பலர் அந்நிலையில் முதலில் பேட்டரியை மாற்றுகின்றனர். பயன் இல்லையெனில் தொடக்கி மோட்டாரை மாற்றுகின்றனர். பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகு, துருப்பிடித்த ஒரு கம்பி இணைப்பே காரணம் என்று தெரியவருவதுண்டு. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தீர்க்கும் வழியையும் அறிந்தபின் மருத்துவம் செய்க என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவருக்குக் காட்டும் வரிசை. அவ்வரிசை இயந்திரத்திற்கும் பொருந்தும்.

ஒரு வட்டப் பாதை

காரின் மின்னமைப்பு சிக்கலானதாகத் தோன்றினாலும் அதன் அடிப்படை ஒன்றே. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் உருகி, சுவிட்சு, விளக்கு எனக் கடந்து மீண்டும் எதிர்முனையை அடைய வேண்டும். இவ்வட்டத்தில் எங்கு இடைவெளி ஏற்பட்டாலும் விளக்கு எரியாது.

வீட்டு மின்னமைப்பிலிருந்து கார் ஒரு வகையில் வேறுபடுகிறது. வீட்டில் மின்னோட்டம் செல்வதற்கும் திரும்புவதற்கும் தனித்தனிக் கம்பிகள் உள்ளன. காரிலோ திரும்பும் பாதையாக அதன் இரும்பு உடலே பயன்படுகிறது. எதிர்முனையிலிருந்து ஒரு தடித்த கம்பி உடலோடும் எஞ்சினோடும் திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். இதனையே தொழிலாளர்கள் 'எர்த்' என்பர். கம்பியின் அளவு இதனால் பாதியாகக் குறைகிறது. ஆயினும், பழைய காரில் இரும்பு துருப்பிடிக்கும்போது திரும்பும் பாதையும் கெடுகிறது. பழைய கார்களின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

எனவே மின்கோளாறுகளை மூன்று வகைக்குள் அடக்கலாம். பாதை அறுந்து மின்னோட்டமே செல்லாதிருப்பது முதல் வகை. பாதையில் துரு, தளர்வு முதலியவற்றால் மின்தடை மிகுந்து, மின்னோட்டம் குறைந்து போவது இரண்டாம் வகை. மின்னோட்டம் விளக்கையோ மோட்டாரையோ அடையாமல் இடையிலேயே இரும்பு உடலைத் தொட்டுத் திரும்பும் குறுக்குச்சுற்று மூன்றாம் வகை. எந்தக் கோளாறாயினும், அது இம்மூன்றில் எது என்று வினவுவதே தேடலின் தொடக்கம்.

முதலில் பாதுகாப்பு

பன்னிரண்டு வோல்ட் மின்னழுத்தம் மனிதருக்குப் பொதுவாக மின்னதிர்ச்சி தருவதில்லை. ஆனால் பேட்டரி ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை வழங்க வல்லது. அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்ட ஸ்பேனர், தொட இயலாதபடி பழுத்துவிடும். விரலில் உள்ள மோதிரத்தின் வழியே மின்னோட்டம் பாய்ந்தால் கடுமையான தீக்காயம் நேரும். ஆதலால் மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

மின்னேற்றத்தின்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. உள்ளிருக்கும் நீர்மம் கந்தக அமிலம். அருகில் தீக்குச்சியும் பீடியும் கூடா. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். எஞ்சின் ஓடும்போது விசிறியும் பெல்ட்டும் சுழலும் இடத்தில் தளர்ந்த ஆடையோ தலைமுடியோ படலாகாது.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் விலக்க வேண்டும். மாட்டும்போது அதனை இறுதியில் இணைக்க வேண்டும். இது வெறும் சடங்கன்று. எதிர்முனை இணைந்திருக்கும்போது காரின் உடல் முழுவதும் அம்முனையின் நீட்சியே. அந்நிலையில் நேர்முனையைக் கழற்றும் ஸ்பேனர் தவறி உடலில் பட்டால், அதுவே குறுக்குச்சுற்றாகிவிடும். எதிர்முனையை முன்னரே விலக்கிவிட்டால் அந்த இடரில்லை. மிகப் பழைய பிரிட்டானிய வகைக் கார்கள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில், உடலோடு இணைந்த முனை எதுவோ அதனை முதலில் விலக்க வேண்டும்.

ஓசையும் ஒளியும்

கருவி எதுவும் கையில் இல்லாதபோதும் கண்ணும் காதும் பெரிதும் உதவும். கியரை நியூட்ரலில் வைத்து, கைத்தடையை இழுத்து, முகப்பு விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். அப்போது காண்பதும் கேட்பதும் பழுதின் இருப்பிடத்தைச் சொல்லிவிடும்.

விளக்குகளே எரியவில்லையெனில், பேட்டரி முற்றிலும் வற்றியிருக்கலாம். அதன் முனையில் கவ்வி கழன்றிருக்கலாம். அல்லது முதன்மை உருகி அறுந்திருக்கலாம்.

விளக்குகள் எரிகின்றன, சாவியைத் திருப்பியதும் ஒளி மங்கி, 'டக் டக் டக்' என்று விரைவான ஓசை எழுகிறது. மக்கள் 'செல்ஃப்' என்று வழங்கும் தொடக்கி மோட்டாருக்கு மின்னோட்டத்தை விடுவது சோலினாய்டு என்னும் மின்காந்தச் சுவிட்சு. அது இழுத்துக்கொண்டதும் மோட்டார் பெரும் மின்னோட்டத்தைக் கோருகிறது; வலுவற்ற பேட்டரியின் அழுத்தம் சரிகிறது; மின்காந்தம் பிடி தளர்கிறது; அழுத்தம் மீள்கிறது; மின்காந்தம் மீண்டும் இழுக்கிறது. அந்தத் தொடர் ஓசை, வற்றிய பேட்டரியின் அல்லது தளர்ந்த முனையின் அறிகுறி.

ஒரே ஒரு 'டக்' ஓசை எழுந்து, விளக்கின் ஒளியும் குறையாதிருந்தால், பேட்டரியைக் குறைகூற இயலாது. சோலினாய்டின் உள்தொடுமுனைகளோ மோட்டாரின் கார்பன் பிரஷ்களோ தேய்ந்திருக்கக்கூடும். ஓசையே இல்லை, ஒளியும் குறையவில்லை என்றால், சாவிச் சுவிட்சிலிருந்து சோலினாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி, ரிலே ஆகியவற்றை நோக்க வேண்டும். மோட்டார் நன்கு சுழன்றும் எஞ்சின் உயிர்பெறவில்லையெனில் பேட்டரியும் தொடக்கி மோட்டாரும் தம் கடமையைச் செய்துவிட்டன. குறை எரிபொருளிலோ தீப்பொறி அமைப்பிலோ உள்ளது.

இவ்வாறு ஒரே நிமிடத்தில், ஐயத்திற்குரிய பத்து இடங்கள் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்குகின்றன.

தெரிந்து தெளிவோம்

முற்காலக் கார்களின் எஞ்சினை முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்றியே இயக்கினர். கைப்பிடி திடீரெனப் பின்னோக்கி உதைத்துக் கையை முறித்ததும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதற்கு ஆற்றல் தரும் ஈய–அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார்.

எண்ணால் அறிதல்

ஓசையும் ஒளியும் சுட்டிய ஐயத்தை உறுதிசெய்வது மல்டிமீட்டர் என்னும் பல்பயன் அளவி. கார் பேட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆதலால் முழுமையாக மின்னேறிய பேட்டரி, எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி ஆற்றலே எஞ்சியுள்ளது. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னேற்றியே ஆக வேண்டும்.

எஞ்சினைத் தொடக்கும் நொடியில் அளவு ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரி வற்றியுள்ளது அல்லது முதுமையடைந்துள்ளது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னேற்றுவதால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். எஞ்சின் ஓடியும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால் மின்னேற்றம் நடைபெறவில்லை என்பது பொருள். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் இறுக்கத்தை. டைனமோ பொருத்திய மிகப் பழைய கார்களில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றம் இராது. வேகம் கூட்டி அளக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் மோட்டார் சோம்பலாகச் சுழல்வது ஏன்? ஓம் விதி இதற்கு விடை கூறும். முனைக்கும் கவ்விக்கும் இடையே படிந்த வெண்பச்சை உப்பு 0.02 ஓம் மின்தடையை மட்டுமே தருவதாகக் கொள்வோம். முகப்பு விளக்குகளுக்குத் தேவையான 10 ஆம்பியர் அதன் வழியே செல்லும்போது இழப்பு 0.2 வோல்ட்தான், விளக்கின் ஒளியில் வேறுபாடு தெரியாது. தொடக்கி மோட்டாருக்கோ 150 ஆம்பியர் தேவை. அப்போது இழப்பு 3 வோல்ட், மோட்டார் திணறுகிறது. விளக்கு நன்றாக எரிவதால் இணைப்பு நன்றாக உள்ளது என்று முடிவுசெய்வது தவறு என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இக்குறையை அளவியே காட்டிக்கொடுக்கும். அதன் ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனை ஈயத்திலும் மற்றொன்றை எஞ்சினின் தூய்மையான உலோகப் பகுதியிலும் வைத்து, மற்றொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை உள்ளது. தீர்வு எளிது: கவ்வியைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் உப்பைக் கழுவி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். சோடா நீர் பேட்டரியின் அறைகளுக்குள் புகலாகாது. அறைகளில் நீர்மம் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். குழாய் நீரும் அமிலமும் கூடா.

உருகியின் எச்சரிக்கை

முகப்பு விளக்கு, துடைப்பான், ஒலிப்பான் முதலியவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் இயங்கவில்லையெனில் முதலில் பார்க்க வேண்டியது, மக்கள் 'ஃபியூஸ்' என்று வழங்கும் உருகியை. அம்பாசடர் போன்ற பழைய கார்களில் கண்ணாடிக் குழல் உருகிகள் இருந்தன. பின்வந்த கார்களின் தகட்டு உருகிகளில் நிறமே அளவைக் கூறும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

அறுந்த உருகியை அதே அளவுள்ள வேறொன்றால் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் உடனே அறுந்தால் எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது. இவ்விடத்தில்தான் பெருந்தவறு நேர்கிறது. 10 ஆம்பியர் உருகிக்குப் பதிலாக 30 ஆம்பியர் உருகியையோ, செப்புக் கம்பித் துண்டையோ, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளையோ செருகிவிடுவோர் உண்டு. கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மின்னோட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. உருக வேண்டிய உருகி உருகாவிடில், இருக்கைக்கும் தரைவிரிப்புக்கும் அடியில் செல்லும் கம்பியின் உறை உருகும்; கார் தீப்பற்றும். அறுந்த உருகி பழுதன்று. பழுதை அறிவித்து, காரையும் அதில் உள்ளோரையும் காத்த காவலன்.

குறுக்குச்சுற்றைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. உருகியைக் கழற்றி, அதன் இடத்தில் 21 வாட் பிரேக் விளக்கு ஒன்றைக் கம்பிகளால் இணைக்க வேண்டும். அவ்விளக்கு ஏறத்தாழ 1.75 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை விடாது. ஆகவே கம்பி சூடேறாது. குறுக்குச்சுற்று இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். அச்சுற்றில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கம்பித் தொகுதியை மெல்ல அசைத்துக்கொண்டே வந்தால், எவ்விடத்தில் விளக்கு அணைகிறதோ அவ்விடமே பழுதின் இருப்பிடம். பெரும்பாலும் கதவின் கீல், டிக்கியின் மூடி, எஞ்சின் அறைத் தகட்டின் துளை போன்ற, கம்பி வளைந்தும் உரசியும் செல்லும் இடங்களிலேயே உறை தேய்ந்திருக்கும்.

வழிமாறும் மின்னோட்டம்

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது; இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு சிமிட்டுகிறது. இத்தகைய விந்தையான கோளாறுகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பின்விளக்குத் தொகுதியின் எர்த் இணைப்பு துருப்பிடித்தால், திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் அருகிலுள்ள மற்றொரு விளக்கின் இழை வழியாகப் பாதை தேடிக்கொள்கிறது. மதகு அடைபட்ட வாய்க்காலின் நீர் பக்கத்து வயலில் புகுவதைப் போன்றது இது. விளக்குக் கூட்டின் எர்த் முனையிலிருந்து காரின் தூய உலோகப் பகுதிக்குத் தற்காலிகமாக ஒரு கம்பியை இணைத்துப் பார்த்தால் போதும். கோளாறு மறைந்தால் காரணமும் உறுதியாகிவிடும்.

இரவில் வற்றும் பேட்டரி

இரண்டு நாள் நின்ற கார் மூன்றாம் நாள் தொடங்குவதில்லை, மின்னேற்றினால் இயங்குகிறது, மீண்டும் அதே கதை. எங்கோ மின்னோட்டம் கசிகிறது. டிக்கியினுள் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் இது 19 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் தீர்ந்துபோகிறது.

இதனை அறிய, எஞ்சினை நிறுத்தி, கதவுகளை மூடி, எதிர்முனைக் கவ்வியைக் கழற்றி, முனைக்கும் கவ்விக்கும் இடையே அளவியை ஆம்பியர் நிலையில் தொடராக இணைக்க வேண்டும். கடிகாரம், வானொலியின் நினைவகம் ஆகியவற்றுக்காக 0.05 ஆம்பியர் வரை செல்வது இயல்பு. அதற்கு மிகுந்தால், உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது அளவு சட்டெனக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். அளவி இவ்வாறு இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பலாகாது. தொடக்கி மோட்டாரின் மின்னோட்டம் அளவியைக் கெடுத்துவிடும்.

வெள்ளம் வடிந்த பின்

திருப்பெரும்புதூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருமழையில் அதன் உபரிநீர் அடையாற்றில் பாய்ந்து, சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம், கார் ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்ப்பது. அதுவே பெருங்கேட்டுக்கு வழி. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால், அழுத்த இயலாத அந்நீர் உள்ளுறுப்புகளை வளைத்துவிடும். நனைந்த இணைப்புகளில் மின்னோட்டம் செல்லும்போது அரிப்பு விரைவுபெறும். முதலில் செய்ய வேண்டியது எதிர்முனையைக் கழற்றுவது. அடுத்துச் செய்ய வேண்டியது தேர்ந்த பணியாளரை அழைப்பது. வெளியே உலர்ந்துவிட்ட காரிலும் தரைவிரிப்பின் அடியில் உள்ள இணைப்பிகளில் பச்சைப் பூப்பு மெல்லப் படர்ந்து, மாதங்கள் கழித்துக் கோளாறாக வெளிப்படுவதுண்டு.

நிறுத்த வேண்டிய இடம்

எதனைத் தொடலாம் என்று அறிவதைப் போலவே எதனைத் தொடலாகாது என்று அறிவதும் அறிவே. காற்றுப்பைகளுக்குச் செல்லும் மஞ்சள் நிற இணைப்பிகளில் சோதனை விளக்கையோ அளவியையோ வைத்தல் கூடாது. காற்றுப்பை வெடித்து விரியக்கூடும். மின்கார்களிலும் கலப்பினக் கார்களிலும் காணப்படும் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம் உண்டு. தீப்பொறிச் செருகியின் கம்பியில் எஞ்சின் ஓடும்போது பல ஆயிரம் வோல்ட் பாய்கிறது. எரிந்த நாற்றமோ புகையோ எழுந்தால் ஆராய்ச்சியைக் கைவிட்டு, விலகி நின்று உதவி கோருவதே முறை.

முடிவாக

ஒரகடத்தின் ஆலைகளில் ஒரு கார் பிறக்கும்போது, அதன் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறமும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இடமும் வகுக்கப்படுகின்றன. வயரிங் எனப்படும் கம்பித் தொகுதியைப் பலகையில் விரித்துப் பின்னுகிற கைகளின் உழைப்பு அக்காருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. இருபது ஆண்டுகள் கழித்து அதே காரின் பானெட்டைத் திறந்து, துருவைத் தேய்த்து, அறுந்த பாதையை மீண்டும் இணைப்பவர் அவ்வுழைப்பின் தொடர்ச்சியாகிறார்.

பழுது நாடுதல் என்பது ஊகத்தை அடக்கிச் சான்றைத் தேடும் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றுவதற்கு முன் அள, அளந்ததைக் குறித்துக்கொள், காரணம் தெரியும்வரை பொருளைக் குறைகூறாதே. இந்நெறிகளைக் கற்றுக்கொண்ட கைக்கு வீட்டின் நீரேற்றும் மோட்டாரும் தையல் இயந்திரமும் அந்நியமாவதில்லை. நள்ளிரவில் உயிர்பெறாத காரின் முன் கலங்கி நிற்பதற்கும், விளக்கைப் போட்டு ஓசையைக் கேட்டுக் கவ்வியை இறுக்கிப் புறப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவு, பள்ளியில் கற்ற ஒரு மின்சுற்றுப் படம்தான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள வாகன மின்பழுது நீக்குநர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுத்து, இணையான கலைச்சொற்களுடன் பட்டியலிடுக.

2. 'பொருளை மாற்றுவதா, பழுதை நீக்குவதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.